லினக்ஸுக்கு வாருங்கள், கூட்டமாக வாருங்கள்

விண்டோஸ் டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இரண்டு மூன்று வருடங்களை ஓட்டிவிட்ட தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, லினக்ஸ் பக்கம் வந்துட்டா தப்பிச்சிடலாமா?" எந்தச் சான்றிதழ் எடுப்பது, சம்பளம் எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் அதற்கு அடுத்துதான். பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவதிலிருந்து, மேசைக்கு அடியில் குனிந்து கேபிள் மாட்டுவதிலிருந்து, பெயர் தெரிந்தும் "சிஸ்டம் ஆளைக் கூப்பிடு" என்று சொல்லப்படுவதிலிருந்து தப்பிக்கத்தான் கேட்கிறார்கள்.

வாருங்கள் என்றுதான் சொல்வேன். நான்கு ஆண்டுகள் விண்டோஸ் வேலை பார்த்துவிட்டு லினக்ஸ் சர்வர் நிர்வாகத்துக்கு வந்தவள் நான். ஆனால் "ஆறே மாதத்தில் அட்மின் ஆகலாம்" என்று யூடியூபில் விற்கப்படும் தனிமனித வெற்றிக் கதையாக இதை என்னால் சொல்ல முடியாது. கணினித் துறைக்குள் நம் பிள்ளைகள் எந்தப் படியில் நிறுத்தப்படுகிறார்கள், அடுத்த படிக்கான அறிவை யார் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் உள்ள கேள்வி. சாதி ஒழிப்பு பேசும் நாம் இதை வெறும் 'கேரியர் டிப்ஸ்' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

எங்கள் ஊரின் ஏணி

எனக்கு ஊர் ஜெகதளா. குன்னூர் வட்டத்தில், அருவங்காட்டை ஒட்டிய பேரூராட்சி. வெலிங்டன் ராணுவ முகாமை ஆங்கிலேயர்கள் முதலில் 'ஜக்கதல்லா' என்றுதான் அழைத்தார்கள்; எங்கள் ஊர்ப் பெயர் அவர்கள் வாயில் அப்படி ஆனது. அருவங்காட்டில் 1904இல் கார்டைட் ஃபேக்டரி வந்தது. சுற்றிலும் தேயிலை. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாக முடிவு செய்தது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கி, 1976இல் டான்டீ ஆனது. வந்தவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதியினர். என் பாட்டியும் அப்படி வந்தவர்தான். இங்கே பிறந்த எங்களுக்கும் 'சிலோன்காரங்க' என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த மலையில் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இருந்த ஏணிகளில் உறுதியானது அரசு வேலை. கார்டைட்டில் ஒருவர் நிரந்தரமானால் அந்தக் குடும்பம் லைன் வீட்டை விட்டு வெளியே வந்துவிடும். யாருடைய கருணையும் அதற்குக் காரணமில்லை. இடஒதுக்கீடு என்ற சட்ட உரிமைதான் காரணம். 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அருவங்காடு 'மியூனிஷன்ஸ் இந்தியா' நிறுவனத்தின் கீழ் போனது. பொதுத்துறை என்பதால் இடஒதுக்கீடு காகிதத்தில் இருக்கிறது. ஆனால் நாடு முழுவதும் நிரந்தர வேலையின் இடத்தை ஒப்பந்த வேலை பிடித்துவரும்போது, அந்தக் காகிதத்தை நீட்டுவதற்கான இடங்கள் சுருங்குகின்றன.

எனவே என் தலைமுறை மேட்டுப்பாளையம் இறங்கி, கோவைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறியது. போய்ச் சேர்ந்த இடம் ஐ.டி. துறை. அரசியல் சட்டத்தின் 16(4) பிரிவு எட்டாத இடம் அது. அங்கே 'தகுதி' மட்டும்தான் பார்க்கப்படும் என்று சொன்னார்கள்.

எல்-1, எல்-2, எல்-3

ஐ.டி. உள்கட்டமைப்பு வேலையில் மூன்று படிகள் உண்டு. எல்-1 என்றால் போன் எடுப்பது, டிக்கெட் போடுவது, பாஸ்வேர்டை மாற்றித் தருவது, கணினியை ஃபார்மேட் செய்வது. எல்-2இல் ஆக்டிவ் டைரக்டரி, நெட்வொர்க், பேக்கப். எல்-3இல் சர்வர் வடிவமைப்பு. எது எங்கே ஓட வேண்டும் என்று முடிவெடுப்பது. சம்பளமும் மரியாதையும் முடிவெடுக்கும் உரிமையும் இந்த வரிசையில்தான் ஏறும்.

வேலைப் பிரிவினை எந்தத் துறையிலும் இருக்கும். அண்ணல் அம்பேத்கர் 1936இல் காட்டிய வித்தியாசத்தை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்: சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்பவர்களைப் பிரித்து ஒருவர்மேல் ஒருவரை அடுக்கி வைக்கிறது. நான் முதலில் வேலை பார்த்த நிறுவனத்தில் எல்-1 முழுக்க ஒப்பந்தத் தொழிலாளர்கள். அரசுக் கல்லூரி, பாலிடெக்னிக், 'முதல் தலைமுறைப் பட்டதாரி' சான்றிதழோடு கவுன்சிலிங்கில் சேர்ந்தவர்கள். லினக்ஸ் சர்வர் குழு வேறு மாடியில். அங்கே காலியிடம் வந்தால் அறிவிப்புப் பலகைக்கு வருவதற்கு முன் ரெஃபரலில் நிரம்பிவிடும். ரெஃபரல் என்பது நட்பு வட்டம். நட்பு வட்டம் என்பது கல்லூரி விடுதி, தெரு, உறவு. யாரும் யாரையும் சாதிப் பெயர் சொல்லி விலக்க வேண்டிய தேவையே அங்கே எழுவதில்லை.

இருந்தாலும் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். "ஊட்டியா? படுகரா?" இல்லை என்றால், "அப்பா எஸ்டேட்டா? ஸ்டாஃபா, லேபரா?" அடுத்து டிபன் பாக்ஸ். மூன்றாவது கேள்விக்குள் முடிவு கிடைத்துவிடும். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதை ஒழித்தோம் என்பது பெருமைக்குரிய சாதனைதான். ஆனால் அந்தத் தகவலைச் சுற்று வழியில் எடுக்கும் கலையும் இங்கேதான் வளர்ந்திருக்கிறது.

இது என் மனப்பிரமை என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். கலிஃபோர்னியா மாநிலத்தின் உரிமைகள் துறை 2020 ஜூன் மாத இறுதியில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. தலித் பொறியாளர் ஒருவரின் சாதி உடன் வேலை பார்த்தவர்களிடம் வெளிப்படுத்தப்பட்டது, புகார் செய்தபின் அவர் ஓரங்கட்டப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. 2023 ஏப்ரலில் தனிநபர்கள் இருவர் மீதான வழக்கு திரும்பப் பெறப்பட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு நீடித்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. ஐ.ஐ.டி. மெட்ராஸை ஆய்வு செய்து அஜந்தா சுப்ரமணியன் 2019இல் எழுதிய 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூலையும் நம் தோழர்கள் படிக்க வேண்டும். பரம்பரை வசதி 'தகுதி'யாக உடை மாற்றிக்கொள்வதை அந்த நூல் வரலாற்று ஆதாரங்களோடு காட்டுகிறது.

கைவேலையின் மதிப்பு

'தப்பிப்பது' என்ற சொல் எனக்கு உறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான ஒரு அப்டேட், உலகம் முழுவதும் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் கணினிகள். விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. பழுதான கோப்பு சில மணி நேரத்தில் திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் ஏற்கெனவே நின்றுபோன கணினிகளில் பெரும்பாலானவற்றைத் தூரத்திலிருந்து சரிசெய்ய முடியவில்லை. ஒருவர் ஒவ்வொரு கணினியின் முன்னும் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் ஏற்றி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. 

அதாவது, அன்று உலகம் டெஸ்க்டாப் சப்போர்ட் தொழிலாளியின் கைகளுக்காகக் காத்திருந்தது. குனிந்து, தொட்டு, கையால் செய்யும் வேலையைக் கேவலம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது சாதிதான். அந்தப் பார்வையையே தோளில் சுமந்துகொண்டு லினக்ஸ் பக்கம் வந்தால், நாளை நாமும் மேல்மாடியில் உட்கார்ந்து "சிஸ்டம் ஆளைக் கூப்பிடு" என்போம். விண்டோஸ் வேலையில் அசிங்கம் எதுவும் இல்லை. அந்த வேலைக்குக் கொடுக்கப்படும் கூலியிலும், அதற்குமேல் ஏறவிடாமல் போடப்படும் பூட்டிலும்தான் அசிங்கம் இருக்கிறது.

விண்டோஸில் கற்றதும் வீணாகப் போவதில்லை. ஐ.பி. முகவரி, டி.என்.எஸ்., டி.எச்.சி.பி. எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆக்டிவ் டைரக்டரி புரிந்தவருக்கு எல்டாப், கெர்பரோஸ் இரண்டும் பாதி புரிந்த மாதிரி. ஆக்டிவ் டைரக்டரியே அவற்றின் மேல் கட்டப்பட்டதுதான். டாஸ்க் ஷெட்யூலரின் வேலையை இங்கே கிரான் செய்யும். ஈவென்ட் வியூவரில் பிழை தேடிய கண்ணுக்கு லாக் கோப்பு அந்நியமாக இருக்காது. பவர்ஷெல் எழுதியவர் பேஷ் ஸ்கிரிப்டுக்குச் சில வாரங்களில் பழகிவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, சர்வர் விழுந்து நூறு பேர் கத்தும்போது பதறாமல் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும் நிதானம். எந்தப் பயிற்சி மையமும் அதைக் கற்றுத்தராது. எல்-1இல் இருந்தவருக்கு அது கைவசம் இருக்கும்.

ஏன் லினக்ஸ்?

சம்பளத்தை விடப் பெரிய காரணம் எனக்கு ஒன்று உண்டு: இந்த அறிவுக்கு வாசலில் கட்டணம் இல்லை.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்த அமைப்பை யாரும் பயன்படுத்தலாம், திறந்து பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். இன்று உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2017 நவம்பர் பட்டியலிலிருந்தே நிலைமை இதுதான். மைக்ரோசாஃப்டின் சொந்த மேகக் கணிமைத் தளமான அஜூரிலேயே பாதிக்கு மேல் லினக்ஸ்தான். அந்த சர்வர்களில் ஓடும் அதே டெபியனை, அதே உபுண்டுவை, எட்டு வருடப் பழைய லேப்டாப்பில் நிறுவி வீட்டிலேயே கற்கலாம். மாணவருக்கு ஒரு பதிப்பு, முதலாளிக்கு வேறொரு பதிப்பு என்ற பிரிவே கிடையாது. விண்டோஸ் சர்வரைக் கற்க மைக்ரோசாஃப்ட் 180 நாள் சோதனைப் பதிப்பு தருகிறது. அந்த நாட்களிலும் உள்ளே என்ன நடக்கிறது என்று திறந்து பார்க்க முடியாது.

அறிவின் வாசலில் நின்று நாம் எத்தனை காலம் பேசியிருக்கிறோம் என்பதற்கு இந்த மலையே சாட்சி. அயோத்திதாசப் பண்டிதர் நீண்ட காலம் வாழ்ந்தது நீலகிரியில். 1891 டிசம்பர் 1 அன்று நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, இழிவுபடுத்தல்களுக்குத் தண்டனை, நம் பிள்ளைகளுக்குப் பள்ளிகள், கல்வி உதவித்தொகை, படித்தவர்களுக்கு அரசு வேலை ஆகியவற்றை அவர் தீர்மானங்களாக முன்வைத்தார். இரட்டைமலை சீனிவாசன் சென்னைக்குப் போய்ப் பத்திரிகை தொடங்கும் முன் இந்த மலையில் கணக்கராக வேலை பார்த்தவர். 1907இல் பண்டிதர் தொடங்கிய வார இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையைப் பெயரிலேயே வைத்தார். இந்த அறிவை வாங்க உன்னிடம் ஒரு பைசா இருந்தால் போதும் என்பது அந்தப் பெயரின் பொருள். கட்டற்ற மென்பொருளை நம் மரபுக்குள் வைத்துப் புரிந்துகொள்ள எனக்கு ஸ்டால்மனைவிட அந்தத் தலைப்புதான் உதவியது.

பூட்டு திறந்தாலும்

இதோடு நிறுத்தினால் நானும் விளம்பரம் செய்பவள் ஆகிவிடுவேன். மூல நிரல் திறந்திருப்பதால் வாசல் தானாகத் திறந்துவிடாது. குறைந்தது நான்கு தடைகள் அப்படியே நிற்கின்றன.

முதலாவது நேரம். லினக்ஸைப் படித்து மட்டும் கற்க முடியாது. நிறுவி, உடைத்து, சரிசெய்துதான் கற்க வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து, அறைக்கு வந்து சமைத்து, ஊருக்குப் பணம் அனுப்பும் கணக்கைப் போட்டுவிட்டு உட்கார்பவருக்கு மிச்சம் இருப்பது தூக்கம்தான். பெண்களுக்கு அதுவும் பாதி. 'ஆர்வம் இருந்தால் நேரம் கிடைக்கும்' என்பவர்களின் வீட்டில் வேறு யாரோ சமைக்கிறார்கள்.

இரண்டாவது மொழி. மேன் பக்கங்கள், பிழைச் செய்திகள், விவாதங்கள் எல்லாம் ஆங்கிலம். தெரியாமல் கேள்வி கேட்டால் "முதலில் மேனுவலைப் படித்துவிட்டு வா" என்று விரட்டும் பழக்கம் லினக்ஸ் உலகில் பல காலமாக உண்டு. தமிழ்வழியில் படித்த பிள்ளை அப்படி ஒருமுறை விரட்டப்பட்டால் மறுபடி கேட்க மாட்டாள். படிக்கத் தகுதி உள்ளவன்தான் படிக்கலாம் என்ற பழைய விதியின் வாடை இதில் வீசுகிறது.

மூன்றாவது சான்றிதழ். ரெட்ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வை நான் மதிக்கிறேன். ஒரு கணினியைக் கொடுத்து, வேலையைச் செய்து காட்டச் சொல்லும் செய்முறைத் தேர்வு அது, மனப்பாடம் எடுபடாது. ஆனால் அதன் கட்டணம் கொழுந்து பறிக்கும் ஒருவரின் ஒரு மாதக் கூலிக்கு மேல். பயிற்சிக்குப் பணம் தேவையில்லை. ராக்கி லினக்ஸ், அல்மா லினக்ஸ் இரண்டும் இலவசம், ரெட்ஹேட்டே 2021 முதல் தனிநபர்களுக்கு 16 கணினிகள் வரை இலவச உரிமம் தருகிறது. தேர்வுக் கட்டணத்துக்கு அப்படி எந்த வழியும் இல்லை.

நான்காவது, ஏற்கெனவே சொன்ன ரெஃபரல். கட்டளைகள் அத்தனையும் தெரிந்தாலும் நேர்காணல் அறைக்குள் யார் அழைக்கப்படுகிறார்கள் என்பதை எந்த மென்பொருளும் தீர்மானிப்பதில்லை.

அதிகாரம் கையில் இருந்தால்கூடச் சாதி விடுவதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டு லினக்ஸ் வரலாற்றிலேயே உதாரணம் உண்டு. 2000களின் பிற்பாதியில் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்த சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அந்த நிறுவனத்தின் கணினிகளை விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபிஸுக்கும் மாற்றினார். அரசுக் கொள்முதலிலும் கட்டற்ற மென்பொருளுக்கு இடம் கொடுத்தார். ஒரு மாநில அரசு நிறுவனம் இதைச் செய்ய முடியும் என்று இந்தியா முழுவதும் பேசப்பட்டது. அவர் தலித் அதிகாரி. 2010 ஜூலையில் அவர் பொய்யான சாதிச் சான்றிதழ் கொடுத்து வேலையில் சேர்ந்தார் என்ற குற்றச்சாட்டில் இடைநீக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த மாதமே இடைநீக்கம் திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸுக்காகத்தான் அவர் பழிவாங்கப்பட்டார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய பிற்கால மதப் பிரசாரம் பற்றித் தோழர்களுக்கு விமர்சனம் இருக்கலாம். அது வேறு விவாதம். நான் சுட்டுவது இதை மட்டுமே: இருபது ஆண்டுகள் பணியாற்றிய மூத்த அதிகாரியை நிறுத்திவைக்க வேண்டும் என்றபோதும் கையில் எடுக்கப்பட்டது சாதிச் சான்றிதழ்தான். அப்படியென்றால் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் எல்-1 ஊழியரின் நிலையை நாமே யோசித்துக்கொள்ளலாம்.

அரசு கொடுத்ததும், கொடுக்காததும்

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. லட்சக்கணக்கான ஏழை வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைந்த தருணம் அது. உலகில் மிகச் சில அரசுகளே அவ்வளவு பெரிய அளவில் அப்படி ஒன்றைச் செய்திருக்கும். 

நான் கல்லூரிக் காலத்தில் பகுதிநேரமாக வேலை பார்த்த குன்னூர் கணினிக் கடைக்கு அந்த லேப்டாப்புகள் வரிசையாக வந்தன. எல்லாருக்கும் ஒரே தேவை: "அந்த இன்னொன்ன எடுத்துட்டு நல்ல விண்டோஸ் போட்டுக் குடுங்க." அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாஸ் லினக்ஸை வைத்து என்ன செய்யலாம் என்று சொல்ல ஆசிரியர் இல்லை. தெருக்கோடிப் பயிற்சி மையத்தின் டி.சி.ஏ. பாடத்தில் இருந்தது எம்.எஸ். ஆபிஸும் டேலியும்தான். கருவியைக் கொடுத்த அரசு, கற்றுக்கொடுக்கும் ஆளைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் கேரளம் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைச் சில ஆண்டுகளில் முழுக்கக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. கூடவே ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது, தேர்வையும் அதிலேயே வைத்தது. இரண்டு மாநிலங்களுக்கும் இடையிலான வித்தியாசம் இந்த ஆசிரியர் பயிற்சியில்தான் இருக்கிறது.

இப்போது தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸோடு உபுண்டுவும் இடம்பெற்றிருக்கிறது. நல்ல மாற்றம். அந்தப் பாடத்தைக் கணினியைத் தொடாமலேயே நடத்தி முடிக்கும் பள்ளிகள் எத்தனை என்று அரசு கணக்கெடுக்க வேண்டும்.

படிப்பகம்

பெங்களூரின் பன்னேர்கட்டா சாலைப் பக்கம் ஒரு குடிசைப் பகுதியில் 'அம்பேத்கர் சமூகக் கணினி மையம்' என்று ஒன்று உருவானது. கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத் தொண்டர்கள், ஐ.டி. ஊழியர்கள், அங்குள்ள மக்களோடு சேர்ந்து தொடங்கினார்கள். நன்கொடையாக வந்த பழைய கணினிகள், லினக்ஸ், மாலை வகுப்பு. கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள் அங்கே கிம்ப் மென்பொருளில் ஓவியம் வரைந்தார்கள். பெரிய நிறுவன நிதி எதற்கும் அவர்கள் காத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகளாகக் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறது. காஞ்சிபுரத்திலும் சென்னையிலும் பயனர் குழுக்கள் உண்டு. கணியம் 2012 முதல் எளிய தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் வெளியிடுகிறது. மொழித் தடைக்கு நடைமுறையில் கிடைத்திருக்கும் பதில் அது.

நமக்கும் இது புதிதில்லை. அண்ணல் 1946இல் மும்பையில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியபோது, வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று காலை நேர வகுப்புகளை வைத்தார். நேரம் என்ற தடையை அவர் தனிமனித ஆர்வத்திடம் ஒப்படைக்கவில்லை, ஏற்பாட்டால் தீர்த்தார். நம் சேரிகளிலும் காலனிகளிலும் அம்பேத்கர் இரவுப் பாடசாலைகள், பெரியார் படிப்பகங்கள் இருக்கின்றன. பல இடங்களில் செய்தித்தாளும் கேரம் போர்டும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அங்கே நான்கு பழைய கணினிகள் போதும்.

அந்தக் கணினிகளுக்கு இது சரியான காலம். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 வசதியும் அது ஏற்கும் புதிய பிராசஸரும் கேட்கும். நன்றாக ஓடும் ஏராளமான கணினிகள் 'பழசு' என்று அலுவலகங்களிலிருந்து கழிக்கப்படுகின்றன. லினக்ஸுக்கு அவை இன்னும் பல வருடம் உழைக்கும். உங்கள் அலுவலகத்தில் கழிக்கும் கணினிகளை ஹார்ட் டிஸ்க் அழித்துப் படிப்பகத்துக்குத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். எல்-1 ஊழியருக்குத்தான் அந்தக் குடோன் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

கூட்டாகச் செய்ய முடிந்தவை இன்னும் உண்டு. வாரம் ஒரு மாலை, ஐந்து பேர், ஒரே சர்வரை உடைத்துச் சரிசெய்யுங்கள். தனியாக ஒரு மாதம் எடுக்கும் பாடம் ஒரு வாரத்தில் முடியும். தேர்வுக் கட்டணத்துக்குச் சீட்டுப் போடுங்கள். முதலில் தேறியவர் அடுத்தவருக்குக் கட்டட்டும். கற்றதைத் தமிழில் எழுதி வையுங்கள். லினக்ஸ் அடிப்படையோடு நிற்காதீர்கள். சர்வர் நிர்வாகம் அன்சிபிள், கன்டெய்னர், மேகக் கணிமை என்று நகர்ந்துவிட்டது, கையால் ஒவ்வொன்றாகச் செய்யும் வேலை இங்கேயும் குறைந்துவருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே போனவர்கள் ரெஃபரல் கொடுங்கள். அவர்கள் வட்டத்துக்கு அவர்கள் கொடுப்பது 'நட்பு', நாம் கொடுத்தால் 'சாதி பார்ப்பது' என்று யாராவது சொன்னால் கூசத் தேவையில்லை.

இயக்கமாக நாம் கேட்க வேண்டியவையும் இருக்கின்றன. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கையில் ஐ.டி. துறையைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். பெரிய அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனங்கள் 2014 முதல் பல ஆண்டுகள் ஊழியர்களின் இனம், பாலின விவரங்களை வெளியிட்டன. தமிழ்நாட்டில் அரசு நிலமும் சலுகையும் பெற்ற ஐ.டி. நிறுவனங்கள் சாதிவாரி விவரத்தை, எந்தப் படியில் யார் என்பதோடு வெளியிட வேண்டும். ஒப்பந்த எல்-1 ஊழியர்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். விலையில்லா லேப்டாப்போடு லினக்ஸ் கற்பிக்கும் ஆசிரியர் பணியிடங்களை அரசு உருவாக்க வேண்டும். அந்தப் பணியிடங்களில் இடஒதுக்கீடும் இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஜெகதளாவில் மழைக்காலம் என்றால் மின்சாரம் போகும், இணையமும் சேர்ந்து போகும். தேவையான கோப்புகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், பேட்டரி இருக்கும்வரை நடத்தலாம். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் ஏழு பேர் இப்போது அப்படித்தான் உட்கார்கிறோம். அதில் மூன்று பேர் டெஸ்க்டாப் சப்போர்ட், ஒருவர் பேக்டரியில் ஒப்பந்தத் தொழிலாளி, இருவர் கல்லூரி. கணினிகள் நான்குதான். உங்கள் ஊரில் இரண்டு இருந்தாலும் தொடங்கிவிடலாம்.